கேள்வி எங்கட, பதில் உங்களுக்கு: மரப்பட்டைத் துணியும் ஆணியில்லாத தோணியும்

போன இதழில் பனையோலை வேலை பற்றி எழுதும்போது, பொலினீசியத் தீவுகளிலும் தும்பையும் ஓலையையும் நம்பித்தான் சீவியம் நடந்தது, ஆணியில்லாத தோணியில் ஆயிரக்கணக்கான மைல் ஓடினார்கள் என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். பொலினீசியா எங்கே என்று கேட்டவர்களுக்கு: ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு மூன்றையும் கோடு போட்டு இணையுங்கள், பசிபிக் கடலில் பெரிய முக்கோணம் ஒன்று வரும். சமோவா, தொங்கா, தாஹிட்டி எல்லாம் அதற்குள்தான்.

கேள்வி: நியூசிலாந்தில் இருக்கிற மகன் லீவில் வந்தபோது ஒரு துணி கொண்டுவந்தான். மண்ணிறப் பூப்போட்டது, தடிப்புக் கடதாசி மாதிரி இருக்கிறது. மரப்பட்டையாம். தூசி பிடித்துவிட்டது. சவர்க்காரம் போட்டுக் கழுவலாமா? (ஒரு வாசகி, முள்ளியவளை)

பதில்: அம்மா, தண்ணிப் பக்கமே கொண்டுபோகாதீங்கோ! அது நெய்த துணி இல்லை, அடித்த துணி. பொதுவாகத் தாப்பா என்பார்கள். மல்பெரி இனத்து மரம் ஒன்றை இதற்கென்றே நட்டு, பக்கத்தில் துளிர்க்கிற கிளையை எல்லாம் அப்பப்ப கிள்ளிவிட்டு வளர்ப்பார்கள், கிளை விட்ட இடத்தில் பட்டையில் ஓட்டை விழும் என்பதால். வெட்டி, பட்டையை உரித்து, வெளித்தோலைச் சுரண்டி எறிந்தால் உள்ளே வெள்ளை நார்ப்பட்டை. அதை ஊறவைத்து, மரக்குற்றியில் போட்டு, நாலு பக்கமும் வரி வெட்டிய கட்டையால் அடிக்க அடிக்க ஒடுக்கமான பட்டை பல மடங்கு அகலும். முதலில் பெரிய வரியுள்ள பக்கம், பிறகு சின்ன வரி. உங்கட துணியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கோ, அந்தக் கட்டையின் வரி தெரியக்கூடும்.

கழுவக்கூடாது என்பதற்குக் காரணம் இனித்தான் வருகிறது. துண்டு துண்டாக அடித்ததை ஒன்றோடொன்று ஒட்டுவது கிழங்குமாப் பசையால். நனைந்தால் பசை இளகும், நாரும் பிரியும், கடைசியில் உங்கள் கையில் ஈரப் பஞ்சுதான் மிஞ்சும்.

பூ எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. தொங்காவில் தென்னை ஈர்க்கை வளைத்துத் தாழையோலையில் தைத்து ஒரு அச்சுப் பலகை செய்வார்கள். அதன்மேல் துணியை விரித்து, மரப்பட்டைச் சாயத்தைத் துணியால் தொட்டுத் தேய்த்தால் அடியில் இருக்கிற கோலம் மேலே எழும்பும். சின்ன வயதில் காசுக்கு மேலே கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்தோமே, அதேதான். இப்படிச் சாயமிட்டு முடித்ததற்கு அங்கே பெயர் ஙாத்து. அரிவரிப் பிள்ளைகளுக்கு ங-வில் தொடங்கும் சொல் கிடைக்காமல் தவிக்கிற வாத்திமார் குறித்துக்கொள்ளுங்கோ.

மென்மையான பிரஷால் தூசியைத் தட்டிவிட்டு, மடிக்காமல் சுருட்டி வையுங்கோ. மாப்பசை கரப்பானுக்கு விருந்து. கறையானுக்கோ கேட்கவே வேண்டாம், அது நம்மூரில் வீட்டு வளையையே விட்டுவைப்பதில்லை.

கேள்வி: அண்ணை, ஆணி ஒன்றும் இல்லாமல் தோணி கட்டி ஆயிரக்கணக்கான மைல் ஓடினார்கள் என்கிறீர்கள். கடலில் தொழில் செய்கிற எங்களுக்கே இந்தக் கதையா? (ஒரு வாசகர், அளம்பில்)

பதில்: தம்பி, ஆணி அடிக்க அவர்களிடம் இரும்பே இருக்கவில்லை. மரம் வெட்டினதும் தோண்டினதும் கல் வாய்ச்சியால். பலகைகளைக் கட்டினது தென்னந்தும்புக் கயிற்றால். தேங்காய் மட்டையை வாரக்கணக்காகத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்துத் தும்பெடுத்து, காயவைத்து, தொடையில் வைத்து உருட்டித் திரித்து, பிறகு பின்னுவது. சமோவாவில் கிழவர்கள் கூடி ஊர்க்கதை கதைக்கும்போதுகூட கை இதைப் பின்னிக்கொண்டே இருக்கும். ஆக, நம்மூர்க் கிழவர்களுக்கு வெற்றிலை, அவர்களுக்குத் தும்பு.

கயிற்றுக் கட்டு ஒரு குறை இல்லை, அதுதான் அதன் பலம். அலை தூக்கிப் போடும்போது கட்டு கொஞ்சம் இளகிக் கொடுக்கும், பலகை பிளக்காது. பழுதானால் அவிழ்த்துவிட்டு வேறு கயிறு போடலாம். நம்முடைய கட்டுமரத்தின் பெயரிலேயே கட்டு இருக்கிறதே, இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பலகை இடுக்குக்கு ஈரப்பலா மரத்துப் பாலும் தும்பும் வைத்து அடைத்தார்கள்.

தூரத்தை நம்பாவிட்டால் 1976ஐப் பாருங்கள். ஹோக்குலேயா என்ற இரட்டைத் தோணி ஹவாயிலிருந்து தாஹிட்டிக்கு, ஏறக்குறைய 4000 கிலோமீட்டர், திசைகாட்டியோ வேறு கருவியோ இல்லாமல் நட்சத்திரத்தையும் அலையின் போக்கையும் பார்த்தே ஒரு மாதமளவில் போய்ச் சேர்ந்தது. வழிகாட்டிய மாவ் பியாய்லுக் பொலினீசியர் அல்ல, மேற்குப் பசிபிக் தீவுக்கூட்டமான மைக்ரோனீசியாவின் சத்தவால் தீவுக்காரர். ஹவாயில் அந்த வித்தை தெரிந்த ஆளே மிஞ்சவில்லை, அதனால் வெளியில் இருந்து கூப்பிட வேண்டி வந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: அந்தத் தோணியின் உடல் பிளைவுட்டும் பைபர்கிளாசும், உங்கட போட்டுக்குச் சொந்தக்காரன்தான். 1990களில் முழுக்க மரத்திலேயே ஒன்று செய்வோம் என்று ஹவாய்க் காட்டில் தேடினால், அந்தப் பருமனில் கோவா என்கிற உள்ளூர் மரம் நல்லதாக ஒன்றும் அகப்படவில்லை. அலாஸ்காவிலிருந்து மரம் வந்துதான் ஹவாயிலோவா என்ற தோணி உருவானது. வித்தையை மீட்டு எடுத்துவிட்டார்கள், காட்டை மீட்க முடியவில்லை.

கேள்வி: சட்டி பானை இல்லாத சனமாமே, எப்படிச் சமைத்தார்கள்? (ஒரு பாட்டி, பேத்தி எழுதியது, ஒட்டுசுட்டான்)

பதில்: ஆச்சி, கிட்டத்தட்ட 3000 வருடத்துக்கு முன் சமோவா, தொங்கா பக்கம் வந்தவர்கள் நல்ல பூவேலை செய்த மண்பானையோடுதான் வந்தார்கள். பிறகு அந்தத் தொழிலைக் கைவிட்டுவிட்டார்கள். கல்லை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, சேம்பும் ஈரப்பலாக்காயும் மீனும் அதன்மேல் அடுக்கி, இலையால் மூடி அவிய விடுவார்கள். அதற்கு உமு என்று பெயர். கழுவுகிற வேலை இல்லை!

கேள்வி: நியூசிலாந்தில் தமிழ் மணி கிடைத்ததாம். அப்படியென்றால் அந்த நாட்டுப் பழங்குடிகளான மாவோரிகளுக்கு முன்பே தமிழர் போய்விட்டார்கள்தானே? (ஒரு மாணவன், மல்லாவி)

பதில்: மணி உண்மை, தம்பி. 1836 அளவில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்களாம். விளிம்பு உடைந்த வெண்கல மணி, 13 சென்ரிமீற்றர் உயரம்தான். ஆச்சிக்கு மேலே சொன்ன பதிலோடு சேர்த்துப் படி, உலோகமே இல்லாத ஊரில் அது எவ்வளவு பெரிய சொத்தாக இருந்திருக்கும்! அதில் தமிழ் எழுத்தில் இருப்பது முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்ற செய்தி. ஆக, தமிழ் முஸ்லிம் வணிகர் ஒருவரின் கப்பலாக இருக்கவேண்டும். ஆனால் மணி போன இடத்துக்கெல்லாம் மணிக்குரியவன் போயிருக்க வேண்டும் என்றில்லை. கைமாறிப் போயிருக்கலாம், உடைந்த கப்பல் மிதந்து போயிருக்கலாம். மாவோரிகளுக்கு முன்பே போனதற்கு இது சாட்சி ஆகாது. பேச்சுப் போட்டியில் சொல்லிப் பரிசு வாங்கலாம், சரித்திரப் பேப்பரில் எழுதினால் புள்ளி போகும்.

கேள்வி: நாங்கள் பத்துப் பெண்கள் சேர்ந்து பாய், கடகம், பெட்டி இழைக்கிறோம். சமோவாவில் ஒரு பாய்க்கு மாதக்கணக்கில் இருப்பார்களாமே, அதை என்ன விலைக்கு விற்பார்கள்? இங்கேயும் தாழை நிற்கிறது, நாங்களும் செய்து பார்க்கலாமா? (பெண்கள் குழு, நெடுங்கேணி)

பதில்: தங்கச்சிமார், அது படுக்கிற பாய் இல்லை. இயே தோங்கா என்று பெயர். தாழையோலையைப் பதப்படுத்தி, வெயிலில் வெளுக்கவிட்டு, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அகலத்துக்கு வார்ந்து இழைப்பார்கள். கையில் எடுத்தால் பட்டுச்சேலை மாதிரி மடியும். ஓரத்தில் சிவப்பு இறகு. முன்பு கிளியிறகு, இப்போது சாயம் போட்ட கோழியிறகு. நல்லதொன்றுக்கு மாதம் என்ன, வருடமும் போகும். கலியாணம், செத்தவீடு, பட்டம் சூட்டுதல் எல்லாவற்றிலும் கைமாறும். பழையதாக ஆக மதிப்புக் கூடும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற கதையும் கூடவே போகும். 2019இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது.

இதன் பெறுமதியை விலையில் சொல்லிவிளங்காது, இதைக் கேளுங்கோ. ஒருவன் பெரிய குற்றம் செய்துவிட்டால், அவன் பக்கத்துப் பெரியவர் விடியப்புறம் போய், பாதிக்கப்பட்டவர் வீட்டு முன்னால் இந்தப் பாயைத் தலைக்குமேல் போர்த்துக்கொண்டு குனிந்து உட்காருவார். வாய் திறப்பதில்லை. வீட்டுக்காரர் வெளியே வந்து பாயை நீக்கினால் மன்னித்ததாக அர்த்தம், உள்ளே கூப்பிட்டுக் கதைப்பார்கள். நீக்கும்வரை, வெயில் ஏறினாலும், அப்படியே இருக்கவேண்டியதுதான்.

ஆனால் எண்ணிக்கை வேண்டும் என்று முரட்டு ஓலையில் அவசரப் பாய்கள் பெருகிய காலமும் அங்கே இருந்தது, பிறகு பாடுபட்டுத்தான் பழைய நுண்மைக்குத் திரும்பினார்கள். உங்களுக்கு வருகிற ஓடர்களை நினைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பனையோலையில் அந்த மெல்லிய வேலை வராது, விறைத்து நிற்கும், அதற்குக் கடகமும் பெட்டியும்தான் வடிவு. தாழையில் ஒரு சின்னப் பையளவு செய்து பாருங்கள். ஓலையின் இரண்டு ஓரத்திலும் நடு நரம்பின் அடியிலும் முள் வரிசையாக இருக்கும், அதை வார்ந்து எறிந்த பிறகுதான் மற்ற வேலை. கையைக் கிழித்துக்கொண்டு அடுத்த இதழுக்கு எனக்குக் கடிதம் போடாதீங்கோ.