பதினாறு பேரும் ஒன்றாகச் சாப்பிட

கேள்வி: அப்பா துறைமுக வேலையிலிருந்து ரிட்டயர் ஆனதற்காகக் குடும்பத்தோடு 16 பேர் ஒரு பெரிய ரெஸ்டாரன்டுக்குப் போனோம். ஆளுக்கொன்று ஆர்டர் செய்தோம். பாதிப் பேர் கை கழுவிய பிறகுதான் அப்பாவுக்குச் சாப்பாடு வந்தது. வஞ்சிரம் வறுவல் ஆறிப்போயிருந்தது. 18,000 ரூபாய் சாப்பாட்டுக்கு 10% சர்வீஸ் சார்ஜ் வேறு. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சர்வீஸ் சார்ஜை தாராளமாகக் கேளுங்கள். அது வரி இல்லை. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. அது செல்லும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. பில்லை எடுத்துப் பாருங்கள். 1,800 ரூபாயைச் சேர்த்து, 19,800-க்கு 5% ஜிஎஸ்டி போட்டிருந்தால் 990 வரும்; சாப்பாட்டுக்கு மட்டும் என்றால் 900தான். ஆக 1,890 ரூபாய் திரும்ப வர வேண்டும். மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் செய்யுங்கள்.

ஆறிப்போன வறுவலுக்கு இப்போது பணம் கேட்பது கஷ்டம். முதல் வாயிலேயே கேப்டனை (ஆர்டர் எடுப்பவரை) கூப்பிட்டுத் தட்டைத் திருப்பியிருந்தால் சூடாக வேறு போட்டுத் தந்திருப்பார்கள்.

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஆளுக்கொரு ஆர்டர்தான். கிச்சனில் தந்தூர், சைனீஸ், கிரேவி எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள், தனித்தனி அடுப்பு. நூடுல்ஸ் சில நிமிடத்தில் இறங்கிவிடும். முழு தந்தூரி சிக்கன் இருபது நிமிடமாவது கேட்கும். முதலில் ரெடியானதை நிறுத்திவைத்தால் ஆறும், வறுவலின் மேல்மசாலா ஈரம் கோத்து நமத்துவிடும். உடனே கொண்டுவந்தால் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்த முறை இரண்டு நாள் முன்பே போன் செய்து மெனுவை முடிவு செய்யுங்கள். பிளேட்டுக்கு எத்தனை பீஸ் என்று அவசியம் கேளுங்கள். ஆறு என்றால் 16 பேருக்கு மூன்று பிளேட் போதும், இரண்டு பீஸ் மிஞ்சும். வஞ்சிரம் பல இடங்களில் பிளேட்டுக்கு ஒரு துண்டுதான். அங்கேதான் கணக்கு தப்பும், பில்லும் எகிறும். ஸ்டார்ட்டர் மூன்று வகை, கிரேவி மூன்று வகைக்கு மேல் வேண்டாம். வறுவலை எட்டெட்டுப் பேராக இரண்டு தடவை போட்டு, கல்லிலிருந்து நேராக மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பேசியதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'ஓகே' வாங்கிக்கொள்ளுங்கள். சர்வீஸ் சார்ஜ் வேண்டாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

ஞாயிறு என்றால் ஏழு மணிக்கே உட்காருங்கள். எட்டரைக்கு மேல் கூட்டம் சேர்ந்தால் எந்தக் கிச்சனும் திணறும். மேஜையில் கூடுதலாக ஆர்டர் சொல்வது ஒருவர் மட்டுமே இருக்கட்டும்.