சும்மா உக்காந்தா தப்பு பண்ற மாதிரி இருக்கு டாக்டர்

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயசு, சுங்கை சிப்புட்ல இருக்கேன். விடியகாலைல மூணரைக்கு எந்திரிச்சு நாசி லெமாக் (தேங்காப்பால் சோறு) பொட்டலம் கட்டி கடைக்குக் குடுத்துட்டு ஃபேக்டரி பஸ் ஏறிடுவேன். சாயங்காலம் வந்து சமையல், துணி, படுக்க பதினொண்ணு ஆயிடும். ஞாயித்துக்கிழமையும் ஓட்டி (ஓவர்டைம்). நாலு மாசமா நெஞ்சு படபடங்குது, படுத்தா தூக்கம் வரல. கிளினிக்ல பிரஷர், இனிப்புநீர் (சக்கரை) பார்த்து நார்மல்னுட்டாங்க. முன்னெல்லாம் ஆசையா புள்ளிக்கோலம் போடுவேன், நோட்டே ரெண்டு வச்சிருக்கேன், இப்ப அத தொறக்கவே மனசு வரல. சும்மா உக்காந்தா தப்பு பண்ற மாதிரி இருக்கு. கோலத்த வீடியோ எடுத்துப் போட்டா காசு வரும்னு மகள் சொல்றா. சத்து மாத்திரை எதாவது எழுதித் தாங்கம்மா.

பதில்: வணக்கம்மா. மாத்திரை அப்புறம், மொதல்ல ஒரு கணக்கு. ஃபேக்டரில வாரத்துக்கு 45 மணி நேரம், ஞாயிறு ஓட்டி 8, நாசி லெமாக் ஒரு நாளைக்கு ரெண்டரை மணி நேரம்னா ஆறு நாளைக்கு 15. மொத்தம் 68. வீட்டு வேலைய நான் சேர்க்கவே இல்ல. உலக சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை செய்றவங்களுக்கு, 35-லேர்ந்து 40 மணி நேரம் செய்றவங்கள விட பக்கவாதம் வர்ற அபாயம் 35 விழுக்காடு கூட, இருதய நோய்ல சாகுற அபாயம் 17 விழுக்காடு கூடன்னு அதுல இருக்கு. உங்கள பயமுறுத்த சொல்லல, அந்த படபடப்பு சும்மா வரலன்னு நீங்க நம்பணும், அதுக்குத்தான் சொல்றேன்.

நாலரை மணி நேரம்தான் தூங்குறீங்க, பெரியவங்களுக்கு ஏழு மணி நேரமாவது வேணும். அதோட கோப்பி. நீங்க எழுதல, ஆனா நம்ம ஊர்ல ஷிப்ட் வேலை செய்ற யார கேட்டாலும் மூணு இன் ஒண்ணு பாக்கெட் நாலு அஞ்சுன்னு சொல்வாங்க. கோப்பில இருக்கற கஃபீன் பாதி குறையவே கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஆகும், ராத்திரி எட்டு மணிக்குக் குடிச்சீங்கன்னா ஒரு மணிக்கும் பாதி உடம்புக்குள்ள ஓடிட்டு இருக்கும், படபடப்பும் அதிகமாகும். மத்தியானத்துக்கு மேல வேணாம்.

எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு வேலை செஞ்சவங்க. நான் லயத்து வீட்டுல வளர்ந்தவ, விடியாத நேரத்துல அவங்க பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கற எடத்துக்கு) போற சத்தத்துலதான் முழிப்பேன். அந்தக் காலத்துல நிறைய தோட்டத்துல ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மரத்த வெட்டுவாங்க, அதாவது பால் எடுக்க பட்டைய கத்தியால கீறுவாங்க. இன்னைக்கு வெட்டுன மரத்துக்கு நாளைக்கு ஓய்வு, அந்த இடைவெளிலதான் பட்டைக்குள்ள மறுபடி பால் ஊறும். ரொம்ப அடிக்கடி வெட்டுன மரத்துல என்ன ஆகும் தெரியுமா, கத்தி வச்சா கோடு விழும், பால் வராது, பட்டை காய்ஞ்சு போயிருக்கும். மரம் பச்சையா நிக்கும், இலை இருக்கும், பார்த்தா நல்ல மரம்தான், பால் புடிக்கற மங்கு மட்டும் காலியா இருக்கும். அந்த மரத்த இன்னும் ஆழமா வெட்டுனா சரியாகாதும்மா, வெட்டாம விடணும். உங்க பிரஷர் நார்மல், இனிப்புநீர் நார்மல், கோலம் வரல. நீங்க சோம்பேறி ஆகல, ஆசையும் செத்துப் போகல.

சும்மா இருந்தா நேரம் வீணாப் போகுதுன்னு நினைக்கிறீங்க. மூளை உடம்பு எடைல ரெண்டு விழுக்காடுதான், ஆனா உடம்பு செலவழிக்கற சக்தில சுமார் 20 விழுக்காட்ட அதுவே எடுத்துக்குது, நாம ஒண்ணும் செய்யாம உக்காந்திருந்தாலும் அந்த செலவு பெருசா குறையறதில்ல. 2001-ல மார்கஸ் ரெய்ச்லேங்கிற அமெரிக்க மருத்துவரோட குழு, குறிப்பிட்ட வேலை எதுவும் குடுக்காதப்பதான் மூளைல சில பகுதிங்க அதிகமா இயங்குதுன்னு எழுதுனாங்க. பழைய ஞாபகத்த புரட்டறது, நாளைக்கு நடக்கறத மனசுல ஓட்டிப் பார்க்கறதெல்லாம் அந்தப் பகுதிங்க செய்ற வேலைன்னு அப்புறம் வந்த ஆய்வுங்க சொல்லுது. சும்மா உக்காந்திருக்கும்போதுதான் ஒரு புது கோலம் மனசுல வரும், நீங்க நாலு மாசமா அதுக்கு ஒரு பத்து நிமிஷம் கூட குடுக்கல.

எங்கம்மாவுக்கு மழை நாள்ல வேலை கிடையாது, சம்பளமும் கிடையாது, கவலை இருந்திருக்கும், ஆனாலும் வாசல் அஞ்சடில கால நீட்டி உக்காந்து பழைய பாட்டு பாடிட்டு இருப்பாங்க, யாரும் கேக்கணும்னு இல்ல. அந்தக் குரல் இன்னும் என் காதுல இருக்கு.

அதனால மகள் சொல்ற வீடியோ இப்ப வேணாம்மா. புள்ள நல்லதுக்குத்தான் சொல்லுது, ஆனா கோலத்தையும் காசாக்குனா அது உங்களுக்கு மூணாவது வேலை, எத்தன பேரு பார்த்தாங்கன்னு அதுக்கும் தூக்கம் போகும். மகள் உதவணும்னா முந்துன நாள் சாயங்காலமே நெத்திலி வறுத்து, வாழையிலை தொடச்சு வைக்கட்டும், நீங்க நாலே காலுக்கு எந்திரிச்சா போதும். துணிய வீட்டுக்காரர் மடிக்கட்டும், கைய புடிச்சு சொல்லிக் குடுங்க. ஒம்பது மணிக்குப் படுங்க. ஞாயிறு ஓட்டி மாசத்துல ரெண்ட விடுங்க, வாரத்துல ஒரு ஓய்வு நாள்ங்கறது நம்ம மலேசியாவோட 1955 வேலைச் சட்டத்துலயே இருக்கு, காசு கொறையும்தான், எனக்குத் தெரியாம சொல்லல.

அப்புறம் வேலைலேர்ந்து வந்ததும் இருபது நிமிஷம் வாசல்ல உக்காருங்க, கைபேசி உள்ளயே கிடக்கட்டும். மொத வாரம் குத்த உணர்ச்சி வரும், எந்திரிச்சு எதையாவது கூட்டணும் போல இருக்கும், எந்திரிக்காதீங்க. நோட்ட மடில வச்சுக்குங்க, வரைய வேணாம், பழைய பக்கத்த மட்டும் பாருங்க.

மருந்து விஷயத்துக்கு வர்றேன். தைராய்டு, ரத்தச்சோகை ரெண்டும் பார்க்காம எல்லாத்தையும் களைப்பு மேல போட முடியாது, ஒரு ஈசிஜியும் எடுக்கணும், அரசாங்க கிளினிக்ல பதிவுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). மாதவிலக்கு முன்ன பின்ன வருதான்னும் சொல்லுங்க, இந்த வயசுல அதனாலயும் தூக்கம் கெடும், படபடப்பு வரும். நெஞ்சு வலி, மூச்சு முட்டல், மயக்கம் வந்தா நாளைக்குன்னு தள்ளாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

இன்னொன்னு, இத மறைக்காம சொல்லுங்க. கடந்த ரெண்டு வாரமா கோலம் மட்டும்தான் புடிக்கலயா, இல்ல சாப்பாடு, பேச்சு, கோயில், எதுவுமே புடிக்காம மனசு கனமா இருக்கா? ரெண்டாவதுன்னா அது மனச்சோர்வா இருக்கலாம், அதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு. செத்துடலாம்னு தோணுச்சுன்னா ஒரு நிமிஷம் கூட தனியா இருக்காதீங்க, வீட்டுல சொல்லுங்க, இல்ல சுகாதார அமைச்சோட மனநல உதவி எண் 15555-க்குக் கூப்பிடுங்க, ஆபத்துன்னா 999.

ரத்த ரிசல்ட்டோட வந்து என்னப் பாருங்கம்மா. அந்த ரெண்டு நோட்டையும் எடுத்துட்டு வாங்க, நானும் பார்க்கறேன்.