தயிர்சாதத்தில் மாத்திரை: மனநலக் கேள்வி-பதில்

இந்த மாதம் பதினெட்டுக் கடிதங்கள். பாதிக்கப்பட்டவரே எழுதியவை இரண்டு. மீதியெல்லாம் அப்பா, அம்மா, அக்கா, மாமியார், ஒரு வீட்டு உரிமையாளர். படிக்கப் படிக்க எனக்கு ஒரே கேள்விதான் வந்தது: இதை அவரிடமே கேட்டீர்களா? கீழே நாலைந்து இடத்தில் அது வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு (24) மனச்சிதைவு நோய். மாத்திரை தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. இப்போது நன்றாக இருக்கிறான். நிறுத்திவிடலாமா? (விருதுநகர்)

வேண்டாம். முதல் தடவை வந்தது என்றாலும், நன்றாகத் தேறிய பிறகு ஒன்றிரண்டு வருடமாவது தொடர வேண்டும். அப்புறம் குறைப்பது என்றால் பல மாதமாக, கொஞ்சம் கொஞ்சமாக, டாக்டர் பார்த்துக் குறைப்பார். நிறுத்திய மறுநாளே நோய் திரும்பிவிடாது. இரண்டு மூன்று மாதம் ஒன்றும் தெரியாது. "நிறுத்தியும் நன்றாகத்தானே இருக்கிறான்" என்று எல்லாரும் நிம்மதியாக இருக்கும்போதுதான் வரும். தூக்கத்தைக் கவனியுங்கள். முதலில் கெடுவது பெரும்பாலும் அதுதான். மகனுக்கு நிறுத்த ஆசையா, உங்களுக்கா? அவனிடம் கேட்டீர்களா?

மனநோயை நிரந்தரமாகக் குணப்படுத்த முடியுமா? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? யாருக்கு, என்ன வயது, என்ன நோய், என்ன மாத்திரை, ஒன்றுமே இல்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டு "வண்டி ஓடவில்லை, சரியாகுமா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? ஓபி சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.

என் தம்பி (31) தனக்கு நோயே இல்லை என்கிறான். ஒரு வருடமாக அம்மா மாத்திரையைப் பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்து கொடுத்துவருகிறார். நன்றாகத்தான் இருந்தான். ஒரு மாதமாக வீட்டில் சாப்பிடாமல் ஓட்டலில் சாப்பிடுகிறான். இனி எப்படிக் கலப்பது? (கரூர்)

கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. வேறு வழி தெரியாமல்தான் செய்திருப்பார். என் ஓபியில் வாரம் ஒரு வீடாவது இப்படி வருகிறது. சில வீடுகளுக்கு இந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்ததே டாக்டர்கள்தான். கோபம் என்றால் அவர்கள் மேல்தான்.

"சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்" என்பது இந்த நோயில் அடிக்கடி வரும் சந்தேகம். அது உண்மையில்லை என்று அவனுக்கு நாம் மாசக்கணக்கில் பேசிப் புரியவைக்கப் பார்க்கிறோம். இங்கே அம்மாவே அதை உண்மையாக்கிவிட்டார். தம்பி ஓட்டலுக்குப் போனதை நோய் முற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். அவன் கண்டுபிடித்துவிட்டான்.

அளவு இன்னொரு சங்கடம். பாதிச் சாதத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தால் எவ்வளவு மருந்து உள்ளே போயிருக்கும்? மீதியை யார் சாப்பிட்டார்? ஒரு தடவை ஒரு அம்மா, தான் மாத்திரை இடிக்கும் சின்ன உரலைப் பையில் போட்டு எடுத்துவந்து என் மேஜையில் வைத்தார். அடியில் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது. அன்று காலையில் பேத்தியின் வயிற்றுவலிக்கு அதே உரலில்தான் ஓமம் இடித்தாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். நானும் ஒன்றும் பேசவில்லை.

எல்லா மாத்திரையையும் பொடிக்கவும் கூடாது. மனநிலையைச் சீராக வைக்கும் வால்ப்ரோயேட், லித்தியம் மருந்துகளில் மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகள் உண்டு. இடித்தால் நாள் முழுக்கப் போக வேண்டிய மருந்து ஒரே அடியாக உடம்பில் இறங்கும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் சொட்டு மருந்தை டீயில் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். டீயோடு அது சேராது.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது வேறு. இந்த ஒரு வருடம் நன்றாக இருந்தது மருந்தால் என்று உங்கள் தம்பிக்குத் தெரியவே தெரியாது. "மாத்திரை இல்லாமலே நன்றாக இருந்தேனே" என்பதுதான் அவன் கணக்கு. அந்தக் கணக்கை அவனுக்குப் போட்டுக்கொடுத்தது நீங்கள்.

சரி, இனி என்ன செய்வது? முதலில் அம்மாவும் நீங்களும் டாக்டரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம் தம்பியிடம். "பயந்துபோய்ச் செய்துவிட்டேன்" என்று அம்மா தன் வாயால் சொல்லட்டும். கத்துவான், கத்தட்டும். மாத்திரை ஏன் பிடிக்கவில்லை என்று அவனிடம் கேட்டீர்களா? எடை ஏறுகிறது, காலையில் எழ முடியவில்லை, நாக்குத் தடிக்கிறது, இப்படி ஏதோ இருக்கும். ஆண்களுக்குத் தாம்பத்தியப் பிரச்சினையும் வரலாம். அதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த ஆண்பிள்ளை சொல்வான்? டாக்டர் அறைக்குள் அவனைத் தனியாக அனுப்புங்கள். மருந்தை மாற்றலாம், ராத்திரி ஒரே வேளையாக்கலாம். தினமும் விழுங்குவதுதான் தொல்லை என்றால் இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு தடவை போடும் ஊசிகள் இருக்கின்றன. ஊசியும் அவனைக் கேட்டுத்தான்.

சாப்பிடாமல் தூங்காமல், தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால் அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 89ஆவது பிரிவின்படி, நோயாளியின் சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்டவர் விண்ணப்பித்து, மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்டால், 30 நாள் வரை சேர்த்து வைத்தியம் பார்க்கலாம். அது அவனுக்குத் தெரிந்தே நடப்பது. கோபப்படுவான்தான். ஆனால் கோபத்துக்கு ஒரு முகவரி இருக்கும், நாளைக்கு அதைப் பேசித் தீர்க்கலாம். தேறிய பிறகு, "மறுபடி வந்தால் எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம், யாரைக் கூப்பிட வேண்டும்" என்று அவனே எழுதி வைக்கவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. எழுத உதவி செய்யுங்கள்.

பைபோலாருக்கு (மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய்) பத்து வருடமாக லித்தியம் சாப்பிடுகிறேன். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை போட்டேன். ஒரு வாரமாகக் கை நடுங்குகிறது, வயிற்றுப்போக்கும் இருக்கிறது. சத்து மாத்திரை ஏதாவது சொல்லுங்கள். (சேலம்)

இதைக் கடிதத்தில் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தீர்களே! உங்களுக்குப் போனில் சொல்லிவிட்டேன். இங்கே மற்றவர்களுக்காக. ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் லித்தியத்தை உடம்பை விட்டு வெளியேறவிடாது. ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். சில பிபி மாத்திரைகளும் அப்படித்தான். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டினாலும், உப்பைத் திடீரென்று குறைத்தாலும் ஏறும். அளவு 0.6க்கும் 1க்கும் நடுவில் இருந்தால் நல்லது. 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. கை நடுக்கம் அதிகமாகி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், குழறல் என்று வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் ராத்திரி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் விட்டு, காலை மாத்திரைக்கு முன்னால் கொடுங்கள். சிறுநீரகமும் தைராய்டும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. மெடிக்கலில் எதைக் கேட்டாலும் "நான் லித்தியம் சாப்பிடுகிறேன்" என்பதை முதலில் சொல்லுங்கள்.

எங்கள் மாடி வீட்டில் தனியாகக் குடியிருக்கும் பெண் ராத்திரியில் தனக்குத்தானே பேசுகிறார். வாடகையெல்லாம் ஒழுங்காகத் தருகிறார். காலி செய்யச் சொல்லலாமா? (ஆவடி)

வாடகை வருகிறது. அப்புறம் என்ன? தனியாகப் பேசுபவர் அடிக்க வருவார் என்று யார் சொன்னது? இவர்கள் அடிப்பதைவிட அடி வாங்குவதுதான் அதிகம். "தூக்கம் வருதாம்மா? சாப்பிட்டீங்களா?" என்று படியில் பார்க்கும்போது கேளுங்கள். அவருக்கு யாரிடமாவது பேச விருப்பம் என்றால் 14416, டெலிமனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மருமகளைக் குணசீலம் கோவிலில் ஒரு மண்டலம் தங்கவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். டாக்டர்கள் இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டீர்களே? (லால்குடி)

ஏன் ஒத்துக்கொள்ள மாட்டோம்? கோவில் பிரகாரத்தில் காலையும் மாலையும் நடப்பது, நேரத்துக்குச் சாப்பாடு, "பைத்தியம்" என்று யாரும் சொல்லாத இடம். பாதி ஆஸ்பத்திரிகளில் கிடைக்காதது. 48 நாளுக்கும் மாத்திரையை எண்ணி எடுத்துப் போங்கள், அவ்வளவுதான். ஆனால் எந்த ஊரிலும் யாரும் சங்கிலியைக் கையில் எடுக்கக் கூடாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் செத்தவர்கள் 28 பேர். இன்று சட்டம் சங்கிலியை அடியோடு தடுக்கிறது. அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் துவாவோடு அரசு டாக்டர்களின் மருந்தும் சேர்ந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை. மருமகளுக்குக் குணசீலம் போக விருப்பமா? கேட்டீர்களா?

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு என் அண்ணனை இரண்டு தடவை கூட்டிப்போய்விட்டோம். 30 சதவீதம்தான் தருகிறார்கள். (தேனி)

40 இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். தன்னைப் பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நாலு விஷயம் பார்ப்பார்கள். எத்தனை வருட நோய் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. பழைய ஓபி சீட்டுகளைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள், அதனால் நோய்க்காலம் குறைவாகப் பதிவாகியிருக்கும். முகாமுக்குப் போகிற அன்று மட்டும் அண்ணனைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, அவருக்குப் பதில் நீங்களே பேசியிருந்தாலும் இப்படித்தான் வரும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம். விண்ணப்பத்தில் "மனநலம் பாதிக்கப்பட்டவர்" என்று இருக்கிறதா பாருங்கள். "மனவளர்ச்சி குன்றியவர்" என்பது வேறு, திட்டங்களும் வேறு வேறு. இது குழம்பி அலைந்தவர்கள் ஏராளம்.

வயது 29. பைபோலார், இரண்டு வருடமாக நன்றாக இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன் என்றால் வீட்டில் "நீ சும்மா இரு, அதுவே எங்களுக்குப் போதும்" என்கிறார்கள். ஒரு கால்சென்டரில் கிடைக்கும்போல் இருக்கிறது, நைட் ஷிஃப்ட். நோயைச் சொல்ல வேண்டுமா? (கோவை)

சும்மா இருப்பது சித்தர்களுக்குச் சரி, 29 வயதுக்குச் சரிவராது. வேலைக்குப் போங்கள். ஆனால் நைட் ஷிஃப்ட் வேண்டாம். பைபோலாரில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது வைக்கோல் போர் பக்கத்தில் பீடி பற்றவைப்பதுபோல. பகல் வேலையாக, முடிந்தால் அரை நாளாகத் தொடங்குங்கள். முதல் மூன்று மாதம் சம்பளம் பெரிதில்லை. காலையில் எழுந்து பஸ் பிடித்துப் போய் வருவதுதான் பெரிது.

நேர்காணலில் நீங்களாக நோயைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமில்லை. பொய் எழுதிக் கையெழுத்தும் போடாதீர்கள். மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் போவதென்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீதம், அதில் மனநோய், ஆட்டிசம் போன்ற சில பிரிவுகளுக்குச் சேர்த்து 1 சதவீதம். சேர்ந்த பிறகு, நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும், "நான் நாலு நாள் தூங்காமல் படபடவென்று பேசினால் என் அக்காவுக்குப் போன் போடுங்கள்" என்று சொல்லிவைக்கலாம். மருந்தும் வேலையும் சேர்ந்தால்தான் ஆள் தேறுவார் என்பது புதிய கண்டுபிடிப்பில்லை. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியதே இந்த மறுவாழ்வை மனதில் வைத்துத்தான். உங்கள் வீட்டாருக்கு இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

எனக்கு 68 வயது. மகனுக்கு 40, மனச்சிதைவு. எனக்குப் பிறகு அவனுக்கு யார்? (தஞ்சாவூர்)

ஓபியில் அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான், பெரும்பாலும் மகன் வெளியே போன பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். உங்களுக்குப் பிறகு என்பதை இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பியுங்கள். இந்த மாதம் ஓபிக்கு அவர் தனியாகப் போய் மாத்திரை வாங்கிவரட்டும். நீங்கள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருங்கள். அடுத்த மாதம் வீட்டிலேயே இருங்கள். பாங்குக் கணக்கு அவர் பெயரில் இருக்கட்டும், பணம் எடுக்கப் பழகட்டும். சோறு வடிக்கக் கற்றுக்கொடுங்கள். 40 வயது ஆளுக்குத் தட்டில் போட்டு நீட்டுவதை முதலில் நிறுத்துங்கள். தன் சார்பில் முடிவெடுக்க யார் வேண்டும் என்பதை அவரே எழுதிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. தங்கையா, சித்தப்பா மகனா என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். கேட்டால் நீங்கள் நினைக்காத ஒரு பெயரைச் சொல்வார் பாருங்கள். குடும்பம் இல்லாதவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, உதவிக்கு ஒரு பணியாளரோடு, சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழும் ஏற்பாட்டை பான்யன் அமைப்பு நடத்துகிறது. ஒரு நாள் அவரையும் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ராத்திரி மாத்திரையை மறந்துவிட்டால் காலையில் இரண்டாகப் போடலாமா? (நாகர்கோவில்)

கூடாது. விட்டது விட்டதுதான், அடுத்த வேளையை வழக்கம்போல் போடுங்கள். க்ளோசபைன் என்ற மனச்சிதைவு மருந்து சாப்பிடுபவர் இரண்டு நாளுக்கு மேல் விட்டிருந்தால் தானாகப் பழைய அளவில் தொடங்காமல் டாக்டரிடம் கேட்க வேண்டும்.