22-ஆம் நாள் என்ன சாப்பிடச் சொன்னார்கள்?

கேள்வி: ‘21 நாள் திட்டம்’ ஒன்றைப் பின்பற்றி 8 கிலோ குறைத்தேன். ஒரு நாளைக்கு 800 கலோரிதான். ஆறே மாதத்தில் 10 கிலோ ஏறிவிட்டது. மூன்றாவது மாதம் கொட்டத் தொடங்கிய முடியும் இன்னும் நிற்கவில்லை. “உனக்கு மன உறுதி போதாது” என்கிறார்கள் வீட்டில். அடுத்து கீட்டோவுக்குப் போகலாமா, ஜூஸ் டீடாக்ஸ் நல்லதா?
- ஒரு வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் அந்த 8 கிலோவுக்குக் கணக்குப் பார்த்துவிடுவோம்.

ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி துண்டு விழ வேண்டும். உங்கள் உடலின் ஒரு நாள் செலவு 1,800 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 சாப்பிட்டால் நாளுக்கு 1,000 துண்டு விழும். 21 நாளுக்கு 21,000. வகுத்தால் 2.7 கிலோ. 21 நாளும் பச்சைத் தண்ணீர் குடித்துக் கிடந்திருந்தால்கூட, கரையும் கொழுப்பு 5 கிலோவைத் தாண்டாது. பிறகு எங்கிருந்து வந்தது 8?

கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு அரைக் கிலோ அளவில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவைக் குறைத்ததும் முதலில் காலியாவது இதுதான். முதல் வாரத்திலேயே 2 கிலோ வரை இப்படிப் போய்விடும். உப்பு குறைந்ததால் இன்னும் கொஞ்சம் நீர், குடல் காலியானதில் கொஞ்சம். மிச்சம், தசை. தசையில் முக்கால் பங்கு தண்ணீர். அதனால் ஒரு கிலோ தசை கரைந்தால் கிடைக்கும் எரிசக்தி, கொழுப்பில் கிடைப்பதில் ஒரு சிறு பங்குதான். தசை போகப் போக எடை கிடுகிடுவென்று இறங்குவது இதனால்தான். நஷ்டத்தை லாபம் என்று காட்டியிருக்கிறது உங்கள் எடை மெஷின், நீங்களும் கைதட்டியிருக்கிறீர்கள்.

திட்டம் முடிந்து பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிய சில நாட்களில் முதல் 2 கிலோ வந்துவிடும். அது தண்ணீர், அதற்காக அழ வேண்டியதில்லை. அதற்குமேல் ஏறுவதில் பெரும்பகுதி கொழுப்பு. போன தசை தானாக வராது; உடற்பயிற்சியும் புரதமும் கேட்கும். ஆகவே எடை பழைய இடத்துக்கே வந்தாலும் உடம்பு பழைய உடம்பாக இருக்காது. ‘பழைய குருடி கதவைத் திறடி’ என்று சொல்லி ஆறுதல்படவும் வழியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தசை போய் அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது.

இனி மன உறுதி. 1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துச் சோதித்தார். எந்நேரமும் அவர்களுக்குச் சாப்பாட்டு நினைப்பு. சோதனை முடிந்து வேண்டியமட்டும் சாப்பிட விட்ட பிறகும் பசி அடங்கவில்லை. தசை மீள்வதற்கு முன்பே கொழுப்பு மீண்டது. 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் இருந்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின் கூடியும், ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் குறைந்தும் இருந்தன. ஓராண்டு கழித்தும் அவை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. உங்களை ஆறு மாதம் துரத்தியது இந்தப் பசிதான். வீட்டில் உள்ளவர்களிடம் இந்தப் பத்தியைப் படித்துக்காட்டுங்கள்.

கீட்டோவைப் பற்றி. மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டுக் கொழுப்பையே முக்கிய உணவாக்குவதுதான் கீட்டோ. 1921-இல் வலிப்பு நோய்க்கென்று முன்வைக்கப்பட்ட மருத்துவ உணவுமுறை அது. கட்டுக்கடங்காத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்றும் மேற்பார்வையில் கொடுக்கிறார்கள். எடை குறைக்க எடுப்பவர்களில் சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு வெகுவாக ஏறுகிறது. யாருக்கு ஏறும் என்று முன்கூட்டித் தெரியாது. சர்க்கரை நோய்க்கு ‘கிளிஃப்ளோசின்’ என்று பெயர் முடியும் மாத்திரை (டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்) எடுப்பவர்கள் கீட்டோ பக்கமே போகக்கூடாது. ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது என்பதால் சந்தேகமும் வராது. இன்சுலின் போடுபவர்கள் மருந்தளவை மாற்றாமல் மாவுச்சத்தை நிறுத்தினால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவார்கள். இதையெல்லாம் திட்டம் விற்பவர் கேட்டாரா?

ஜூஸ் டீடாக்ஸுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். கழிவை வெளியேற்ற கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கின்றன. ஜூஸில் புரதம் இல்லாத குறை போதாதென்று நார்ச்சத்தையும் பிழிந்து எறிந்துவிடுகிறீர்கள்.

வேகமாகக் குறைப்பதில் இன்னொரு வில்லங்கம் பித்தப்பை. கொழுப்பே இல்லாத உணவு வந்தால் பித்தப்பை சுருங்குவதில்லை, பித்தநீர் தேங்குகிறது. அதே சமயம் கரையும் கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ரால் பித்தநீரில் வந்து சேர்கிறது. இரண்டும் சேர்ந்தால் கல். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறையும்போது இந்த ஆபத்து கூடுகிறது. நீங்கள் குறைத்தது வாரத்துக்கு இரண்டரைக் கிலோவுக்கும் மேல். சாப்பிட்ட பின் வலதுபக்க மேல்வயிற்றில் வலி வந்தால் ‘கேஸ்’ என்று தள்ளிப்போடாமல் ஸ்கேன் எடுங்கள்.

800 கலோரி உணவை மருத்துவர்களே கொடுப்பதில்லையா என்று கேட்பீர்கள். கொடுக்கிறார்கள். பிரிட்டனில் அப்படி ஒரு ஆய்வில் பங்கேற்ற இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது (இரண்டாம் ஆண்டு 36 சதவீதம்). ஆனால் அங்கே வைட்டமினும் தாதுவும் கணக்காகச் சேர்த்த பானம், மாத்திரைகளை நிறுத்திக் கண்காணித்த குழு, வாரக்கணக்கில் படிப்படியாகச் சாப்பாட்டுக்குத் திரும்பும் ஏற்பாடு எல்லாம் இருந்தன. அதாவது, 22-ஆம் நாள் என்ன சாப்பிடுவது என்பதை முதல் நாளே எழுதி வைத்திருந்தார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: முதல் மூன்று மாதம் எடையைக் குறைக்காதீர்கள், ஏறாமல் நிறுத்துங்கள். கிலோ எடைக்கு 1.2 கிராம் கணக்கில் புரதம். 70 கிலோ என்றால் 84 கிராம், மூன்று வேளைக்கும் பிரித்து. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வாரம் இரண்டு நாள் எடை தூக்குவது போன்ற தசைப்பயிற்சி. அதன்பிறகு நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரம் அரைக் கிலோ இறங்கும். போகப் போக அதுவும் மெதுவாகும், பதறாதீர்கள். இருக்கும் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கக் காண்பீர்கள். மெஷினில் தினமும் ஏறாமல் வாரம் ஒரு முறை டேப்பால் இடுப்பை அளந்து எழுதுங்கள்.

முடி கொட்டுவதும் இதே கதைதான். பட்டினியின் அதிர்ச்சியில் ஓய்வுநிலைக்குப் போன முடி, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிரத் தொடங்கும். அதனால்தான் டயட்டை விட்டுவிட்டு ஷாம்புவைச் சந்தேகப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக நிற்கும். உங்களுக்கு நிற்கவில்லை என்பதால் ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்துச் சேமிப்பின் அளவு), தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.