ஈரல் கொழுப்பும் எதிர்ப்புச் சக்தியும்: வாசகர் கேள்விகள்

கல்லீரல் கொழுப்பைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் ‘எதிர்ப்புச் சக்தி’ என்ற சொல் இல்லாத கடிதமே இல்லை. ஆகவே அதைச் சுற்றியுள்ள கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கும் தம்பிக்கும் ஸ்கேனில் ஈரல் கொழுப்பு தெரிந்தது. எனக்கு அத்தோடு சரி. அவனுக்கு ஈரல் இறுகத் தொடங்கிவிட்டதாம். ஒரே வீட்டுச் சமையல்தானே, டாக்டர்? (வாசகர், பட்டர்வொர்த்)

ஐயா, கொழுப்பு சேர்வது ஒரு கதை. ஈரல் புண்ணாவது இன்னொரு கதை. முதல் கதையோடு நின்றுவிடுபவர்களே அதிகம். இரண்டாவதை நடத்துபவை எதிர்ப்பு செல்கள்.

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வருகிறது. சத்தோடு குடல் கிருமிகளின் துணுக்குகளும் அதில் கலந்து வரும். அவற்றைச் சத்தமில்லாமல் விழுங்கிக் காவல் காப்பவை குப்ஃபர் செல்கள். நாம் கருவில் இருக்கும்போதே ஈரலில் குடியேறிய பழங்குடிகள் இவை. ஈரல் செல்கள் கொழுப்பில் திணறிச் சாகத் தொடங்கும்போது இந்தக் காவல் செல்களும் மெல்லக் குறைகின்றன. காலியான இடத்துக்கு எலும்பு மஜ்ஜையில் பிறந்த மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் வந்து இறங்குகின்றன. வந்தவற்றில் பலவற்றுக்கு அந்த ஊர் நிதானம் தெரியாது. அழற்சி இரசாயனங்களைக் கொட்டிவிடும். அந்தக் கூச்சலில் விழித்துக்கொள்வது நட்சத்திரச் செல். மற்ற நாள்களில் வைட்டமின் ஏ-வைச் சேமித்துக்கொண்டு சும்மா கிடக்கும் அது, டிஜிஎஃப்-பீட்டா என்ற சைகை கிடைத்ததும் கொலாஜன் நாரை நெய்யத் தொடங்குகிறது. தம்பியின் ஈரலை இறுக்குவது அந்த நார்த் தழும்புதான்.

(1876-இல் ஜெர்மன் உடற்கூற்றியலாளர் குப்ஃபர் முதலில் கண்டது உண்மையில் இந்த நட்சத்திரச் செல்லைத்தான். பிறகு அவரே அதை விழுங்கும் செல் என்று குழப்பிக்கொண்டார். ஜப்பானின் வாக்கே 1971-இல் இரண்டையும் பிரித்துக் காட்டினார். பெயர் மட்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டது.)

சமையல் ஒன்றாக இருந்தாலும் மரபணு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு வகை இருப்பவர்களுக்குத் தழும்பு எளிதில் வரும். உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு அது இருந்து மற்றவருக்கு இல்லாமல் போகலாம். தம்பிக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

எதிர்ப்புச் சக்தி கூடட்டும் என்று லிட்டில் இந்தியாவில் சீந்தில் பொடியும் மஞ்சள் மாத்திரையும் வாங்கித் தினமும் சாப்பிடுகிறேன். ஈரலுக்கு நல்லதுதானே? (வாசகி, ஆயிர் ஈத்தாம்)

இன்றே நிறுத்துங்கள், அம்மா. உங்கள் ஈரலில் சக்திக்குப் பஞ்சமில்லை. அங்கே எதிர்ப்பு செல்களின் கூட்டம்தான் அதிகம். கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பானேன்? கோவிட் காலத்தில் சீந்தில் சாப்பிட்டுவந்த சிலருக்கு மஞ்சள் காமாலை வந்து, அவர்களுடைய எதிர்ப்பு செல்களே ஈரலைத் தாக்கியிருந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மஞ்சளைப் பொறுத்தவரை, குழம்பில் போடுவது வேறு, உடம்பு அதிகம் உறிஞ்சட்டும் என்று மிளகுச் சத்து சேர்த்த மாத்திரை வேறு. அந்த மாத்திரைகளாலும் ஈரல் புண்ணானவர்கள் உண்டு. பாட்டி காலத்து வைத்தியம் என்பீர்கள். பாட்டி மாத்திரை விழுங்கியதில்லை. டப்பாக்களை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அப்படியானால் எதிர்ப்பு செல்களை அடக்கும் மருந்து கொடுத்தால் என்ன? (மாணவர், பாயான் லெப்பாஸ்)

நல்ல கேள்வி, தம்பி. முயன்று பார்த்தார்கள். மோனோசைட்டுகளை ஈரலுக்குள் வரவிடாமல் தடுக்கும் செனிக்ரிவிராக் மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வு, பலன் தெரியாததால் 2021-இல் நிறுத்தப்பட்டது. வந்து இறங்கும் செல்கள் எல்லாமே ரௌடிகள் அல்ல என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. ட்ரெம்2 என்ற புரதத்தைத் தாங்கிய ஒரு கூட்டம் செத்த செல்லையும் சிந்திய கொழுப்பையும் கூட்டி அள்ளுகிறது. வாசலை அடைத்தால் துப்புரவுக்காரரும் வெளியே நிற்பார். எதிர்ப்பு செல்களை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தாலோ ஈரலில் கொழுப்பே கூடும்.

இன்னொரு தரப்பு டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். கொழுப்பு முற்றிய எலியின் ஈரலில், எதிரியின் அடையாளம் பார்க்காமலே இவை ஈரல் செல்களைக் கொல்வதாக 2021-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அமெரிக்காவில் 2024-இல் ரெஸ்மெடிரோம் என்ற மருந்தும் 2025-இல் செமாகுளூடைடு என்ற மருந்தும், அழற்சியோடு தழும்பும் ஓரளவு முற்றியவர்களுக்காக அனுமதி பெற்றன. இரண்டுமே எதிர்ப்பு செல்லை நேரடியாக அடக்குவதற்காகத் தரப்படுபவை அல்ல. ஒன்று ஈரல் கொழுப்பை எரிக்கும் வேலையைத் தூண்டுகிறது. மற்றது பசியையும் எடையையும் குறைக்கிறது.

ஈரல் என்சைம் அளவு சரியாக இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா? (வாசகி, பிறை)

முழு நிம்மதி வேண்டாம். தழும்பு ஏறிய ஈரலிலும் என்சைம் சரியாக இருப்பதுண்டு. வயது, இரண்டு ஈரல் என்சைம்கள், இரத்தத் தட்டணு எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து ஃபிப்-4 என்ற தழும்பு மதிப்பெண்ணைக் கணக்கிடச் சொல்லுங்கள். 1.3-க்குக் கீழே இருந்தால் தழும்பு முற்றியிருக்கும் வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த வரம்பு 2.

எடை 85 கிலோ. தண்ணீர்மலைப் படிகளில் தினமும் ஏறுகிறேன். எவ்வளவு குறைந்தால் ஈரல் தேறும்? (வாசகர், ஜார்ஜ் டவுன்)

நான்கு கிலோ குறைந்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்கும். அழற்சி தணிய ஆறிலிருந்து எட்டு கிலோ. எட்டரையைத் தாண்டினால் பலருக்குத் தழும்பே இளகுகிறது. எடை அசையாவிட்டாலும் படியேற்றம் வீண் அல்ல. உடற்பயிற்சி தனியாகவே ஈரல் கொழுப்பைக் கரைக்கும். இறங்கி வந்ததும் நாசி கண்டார் கடையில் கலவைக் குழம்பு ஊற்றி உட்காராதவரை.

தே தாரிக்கை (இழுத்து ஆற்றிய பால் தேநீரை) விடத்தான் வேண்டுமா? (அதே வாசகர்)

அதில் கொட்டும் கெட்டிப் பாலை விடுங்கள். காப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கடையில் நான் கேட்பது கோப்பி ஓ கோசோங், பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி. முதல் வாரம் கசக்கும்.