கட்டிலோடு கட்டிவைத்தால் மூச்சுத் தசைகளுக்கு என்ன ஆகும்?

மருத்துவமனையில் நினைவு குழம்பி மூக்குக் குழாயைப் பிடுங்கிய தாத்தாவின் கைகளைக் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள் என்றும், அதன் பிறகு அவருக்கு மூச்சு வாங்குகிறது என்றும், கட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் இயன்முறை மருத்துவராக இருக்கும் நான் சொல்லக்கூடியது, தொடர்பு இருக்கலாம் என்பதே. ஆனால் மணிக்கட்டில் உள்ள துணியைவிட, அவரை எப்படிக் கிடத்தியிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

அமைதியாக இருக்கும்போது ஒரு மூச்சில் சுமார் 500 மில்லிலிட்டர் காற்று உள்ளே போகிறது; அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் உழைப்பு. அந்தத் தசை கீழே இறங்க வேண்டுமானால் வயிறு முன்னால் தள்ளி இடம் கொடுக்க வேண்டும், விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிய வேண்டும். மல்லாந்து தட்டையாகப் படுத்தாலே வயிற்றிலுள்ள உறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. வயிற்றின் குறுக்கே இறுக்கமான பட்டையும் சேர்ந்தால் அது இறங்க வழியில்லை. வயல்வரப்பில் ஓடிவந்து களைத்தவர் முழங்காலில் கையூன்றிக் குனிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கை ஊன்றியிருக்கும்போது மார்புத் தசைகளும் விலாவைத் தூக்க உதவுகின்றன. மல்லாத்திக் கட்டப்பட்டவருக்கு அந்த உதவி கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு அவர் கட்டை இழுத்துத் திமிறும்போது உடலுக்குத் தேவையான உயிர்வளியும், வெளியேற்ற வேண்டிய கரியமிலவாயுவும் கூடுகின்றன. தேவை ஏறும் நேரத்தில் திறன் குறைவதால் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் மாறி, தசை களைத்துப்போகிறது.

செயற்கைச் சுவாசக் கருவியில் கிடப்பவர்களின் கதை வேறு. கருவியே முழு மூச்சும் கொடுக்க, 18 முதல் 69 மணி நேரம் வேலையின்றிக் கிடந்த உதரவிதானத்தின் நார்கள் நன்றாக மெலிந்துவிட்டதை 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தாத்தாவின் தசை ஓய்ந்துவிடவில்லை, அளவுக்கு மீறி உழைக்கிறது.

எங்கள் குடும்பத்திலேயே ஒன்று நடந்தது. திசையன்விளைப் பக்கம் பனையேறியாக இருந்த என் சித்தப்பா, பதநீர்க் காலத்தில் மரத்திலிருந்து விழுந்து இரண்டு விலா எலும்புகள் விரிசல் கண்டபோது, வீட்டிலிருந்தவர்கள் பழைய வேட்டியால் நெஞ்சை இறுகச் சுற்றிக் கட்டினார்கள். வலி குறைந்தது உண்மைதான். ஆனால் ஆழ்ந்து மூச்சிழுக்கவும் இருமவும் முடியாமல் சளி கட்டி, நான்காம் நாள் காய்ச்சலோடு தூக்கிப்போனோம். விலா முறிவுக்கு நெஞ்சைச் சுற்றிக் கட்டுவதை மருத்துவம் கைவிட்டதற்கு இதுவே காரணம். வலிமருந்து கொடுத்து, தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து இருமச் சொல்வதே இப்போதைய முறை.

எவரையும் குப்புறக் கிடத்தி முதுகில் ஏறி அமுக்கிப் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. “பேசுகிறான், அதனால் மூச்சு இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டு அமுக்குபவர்களை நான் கண்டிருக்கிறேன். தொண்டை வழியே சிறிதளவு காற்று போனாலே பேச்சு வந்துவிடும், அது உடலுக்குப் போதும் என்று பொருளல்ல.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தலாமா, நெஞ்சிலோ வயிற்றிலோ உள்ள பட்டையை எடுக்கலாமா, யாராவது பக்கத்தில் அமர்ந்திருந்தால் கட்டையே அவிழ்க்க முடியுமா என்று செவிலியரிடம் இன்றே கேளுங்கள். முழுதாக ஒரு நிமிடம் அவருடைய மூச்சை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை வழக்கம், 30ஐத் தாண்டினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.