கலைக் கல்லூரிக் கூடம்: எல்லாச் சுவரும் நகர வேண்டியதில்லை

கேள்வி: எங்கள் கலைக் கல்லூரிக்கு 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் தரைத்தளத்தில் இரண்டு கூடங்கள் கட்டுகிறோம். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, கணினி வரைகலை நான்குக்கும் இவைதான் இடம். மடக்குத் தடுப்புகள் போட்டுவிட்டால் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம் என்கிறது நிர்வாகம். சரிவருமா?

பதில்: பாதி சரி. தடுப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். தண்ணீர், தூசி, எடை, சூடு, இந்த நான்கும் எங்கே இருக்கப்போகின்றன என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இவை இடம் மாறாது. பெரிய எட்சிங் பிரஸ் (செதுக்கிய உலோகத் தகட்டிலிருந்து தாளில் அச்செடுக்கும் இயந்திரம்) பல நூறு கிலோ இருக்கும்; மட்டம் பார்த்து ஒருமுறை நிறுத்தினால் நிறுத்தியதுதான். சூளைக்குத் தனி அறையும் புகையை வெளியே தள்ளும் வழியும் வேண்டும். களிமண் கை கழுவும் தொட்டியின் அடியில் மண் படிய ஒரு பெட்டி வையுங்கள், இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

களிமண்ணையும் கணினியையும் மடக்குத் தடுப்பை நம்பி ஒரே கூடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். காய்ந்த களிமண் தூசியில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். தடுப்புக்குக் கீழே ஒரு விரல் இடுக்கு இருந்தாலே அது புகுந்துவிடும்.

நானாக இருந்தால் முதல் கூடத்தைச் சிற்பத்துக்கும் அச்சுக்கும் கொடுத்து, நடுவில் கூரைவரை சுவர் எழுப்புவேன். இரண்டாவது கூடத்தின் ஒரு முனையில் 50 சதுர மீட்டரைக் கணினிக்கு நிலையான அறையாக்குவேன். மீதி 150 சதுர மீட்டரை மட்டும் மாற்றக்கூடிய இடமாக விடுவேன். ஓவியம், பாடம், விமர்சன வகுப்பு (படைப்புகளை மாட்டிவைத்து எல்லோரும் விவாதிப்பது), கண்காட்சி எல்லாம் அங்கே நடக்கட்டும். ஈஸல், அதாவது படம் தாங்கும் சட்டம், முன்னால் நிற்பவர் பின்னால் நகர்ந்து படத்தைப் பார்க்க வேண்டும். ஆளுக்கு 5 சதுர மீட்டர் வைத்தால் 30 பேர்.

இந்த இடத்தில் மடக்குத் தடுப்பைவிடச் சக்கரம் வைத்த சுவர்களே எனக்குப் பிடிக்கும். இருபுறமும் 18 மில்லிமீட்டர் பிளைவுட், வெள்ளை வண்ணம், அகலமான அடிப்பாகம். ஆணி அடிக்கலாம், பிடுங்கலாம், மறுபடி பூசலாம். தரையில் நிலைப்படி எதுவும் கூடாது.

ஆனால் ஒரு கல்லூரியில் இப்படிப்பட்ட சுவரின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தேன். பிரேக்கில் பெயின்ட் உறைந்து கல்லாகியிருந்தது. பின்னால் ஈரக் கேன்வாஸ்கள், உடைந்த ஸ்டூல்கள். சுவர் நகர்ந்து பல வருடம் ஆகியிருந்தது, ஏனென்றால் பொருட்களை வைக்க வேறு இடமே இல்லை. அதனால் மாறும் இடத்தில் ஆறில் ஒரு பங்கைச் சேமிப்புக்கு ஒதுக்குங்கள் (அப்போது 30 பேருக்குப் பதில் 25 பேருக்குத்தான் இடம்), அதில் ஈரப் படங்களைச் செருகும் அடுக்கு கட்டாயம் இருக்கட்டும். வீணான இடம் என்று நிர்வாகம் சொல்லும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிளக் பாயின்ட்களைக் கூரையிலிருந்து இறக்குங்கள், தரையில் வயர் ஓட வேண்டாம். நிறம் பார்க்கும் இடம் என்பதால் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு, உச்சம் 100) 90-க்கு மேல் உள்ள எல்.இ.டி. விளக்குகள் வேண்டும். பூமியின் வடபாதியில் என்றால் பெரிய ஜன்னல்கள் வடக்கு நோக்கி இருந்தால் வெளிச்சம் பெரும்பாலும் சீராக இருக்கும்.

தீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1909-இல் கட்டி முடித்த, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கலைப் பள்ளியின் மெக்கின்டோஷ் கட்டடத்தில், 2014-இல் ஒரு மாணவர் படைப்புக்குப் பயன்படுத்திய, தெளித்தால் விரியும் ஃபோம் டப்பாவிலிருந்து வந்த வாயு புரொஜெக்டரில் பற்றிக்கொண்டது. பழைய காற்றுக் குழாய்கள் வழியாகத் தீ மேலே ஏறியது. மாற்றக்கூடிய இடத்தில் நாளை யார் என்ன கொண்டுவருவார்கள் என்று தெரியாது. ஆகவே குழாய் போகும் துளைகளையெல்லாம் தீ தாங்கும் பொருளால் அடைக்கச் சொல்லுங்கள். ஓவியர்கள் பயன்படுத்தும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணி குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். மூடி போட்ட உலோகத் தொட்டி வையுங்கள்.

வரைபடத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு திறந்த மைதானத்தில் சாக்பீஸால் அந்த 150 சதுர மீட்டரை வரையுங்கள். இருக்கிற ஈஸல்களைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஓவிய வகுப்பை விமர்சன வகுப்பாக மாற்ற இரண்டு பேருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். இருபதைத் தாண்டினால் வரைபடத்தை மாற்றுங்கள்.